அரை மணி நேரம்: இலங்கையின் கடிகாரங்களும் கணினிகளும், 1996–2006

காஞ்சிபுரத்தை அடுத்த கூரமும் இலங்கையின் கொழும்பும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்தவை. தீர்க்கரேகை என்பது வடமுனையிலிருந்து தென்முனை வரை நிலவுருண்டையின் மேல் வரையப்பட்டதாகக் கொள்ளப்படும் கோடு. ஒரே கோட்டில் உள்ள ஊர்களுக்கெல்லாம் சூரியன் ஒரே கணத்தில் உச்சிக்கு வரும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும் என்பதால், கொழும்பில் உச்சிவேளை கழிந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் கூரத்திலும் அது நிகழ்ந்துவிடும். ஆயினும் 1996 மே மாதம் முதல் 2006 ஏப்ரல் வரை, இவ்விரண்டு ஊர்களின் சுவர்க் கடிகாரங்கள் முதலில் ஒரு மணி நேரமும் பின்னர் அரை மணி நேரமும் வேறுபட்டு ஓடின. அந்த வேறுபாட்டை இலங்கை அரசு எவ்வாறு உண்டாக்கியது, கணினிகள் அதை எவ்வாறு புரிந்துகொண்டன அல்லது புரிந்துகொள்ளத் தவறின, வன்னியில் வாழ்ந்த தமிழரின் காலக் கணக்கு அதில் எங்கே விடுபட்டது என்பவையே இந்த இயலின் பொருள்.

இரு கரைகளுக்கும் இடையே நேர வேறுபாடு இருக்கத்தான் வேண்டும் என்று இயற்கை எதையும் விதிக்கவில்லை என்பதற்கு முந்தைய நூற்றாண்டே சான்று. சென்னை வானாய்வகத்தின் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. அதே காலத்தில் கொழும்பில் வழங்கிய நேரம் 5 மணி 19 நிமிடத்துக்குச் சற்று மேல் முந்தியது. இரண்டுக்கும் இடைவெளி 2 நிமிடத்துக்கும் குறைவு. தந்தியும் இருப்புப்பாதையும் வருமுன் ஊருக்கு ஊர் அதனதன் ஓசையே நேரத்தை அறிவித்தது; சென்னைக் கோட்டையில் இரவு 8 மணிக்குப் பீரங்கி வெடித்தது போலவே, அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன் கூரத்தில் வாழ்ந்த கூரத்தாழ்வானின் மாளிகைக் கதவு இரவில் சாத்தப்படும் ஓசை காஞ்சி வரதராசர் கோயில் வரை கேட்டது என்று வைணவ மரபு சொல்கிறது. 1906 சனவரி 1 அன்று பிரித்தானிய இந்தியா 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட பொது நேரத்தை ஏற்றபோது இலங்கையும் அதே ஆண்டில் அதே நேரத்துக்கு மாறியது. கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முந்திய இந்த நேரத்தின்படி காஞ்சி வட்டாரத்திலும் கொழும்பிலும் சராசரி உச்சிவேளை கடிகாரத்தில் 12 மணி 10 நிமிட அளவில் அமையும்.

இரண்டாம் உலகப் போர் இந்த ஒழுங்கை முதன்முறையாகக் கலைத்தது. விளக்குக்கும் ஆலைகளுக்கும் செலவாகும் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியா முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டன. இலங்கை 1942 சனவரியில் அரை மணி நேரமும் செப்டம்பரில் மேலும் அரை மணி நேரமும் கூட்டி அதே அளவை எட்டியது. தமிழ்நாட்டுச் சோதிடர்கள் இந்த மூன்று ஆண்டுகளை இன்றளவும் மறக்கவில்லை. அக்காலத்தில் பிறந்தவரின் பிறப்பு நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்த பிறகே லக்கினம் (பிறந்த கணத்தில் கிழக்கில் எழும் ராசி) கணிப்பது அவர்களிடையே நிலைத்த வழக்கம். அரசு ஆணை ஒன்று கடிகாரத்தை மாற்றினால், அது நீங்கிய பிறகும் பல தலைமுறைகளுக்கு அதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதைக் கணினிக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் அவர்கள்.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிவைத்து இலையுதிர் காலத்தில் பழைய நிலைக்குத் திருப்பும் வழக்கத்துக்குப் பகலொளி சேமிப்பு நேரம் என்று பெயர். முதல் உலகப் போரின்போது 1916 ஏப்ரல் 30 அன்று செருமனியும் சில வாரங்களில் பிரித்தானியாவும் தொடங்கிய இவ்வழக்கம் வடநாடுகளுக்கு ஓரளவு பொருந்துவது. ஏனெனில் இலண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 9 மணி நேரம் வேறுபாடு உண்டு. கூரத்தில் அந்த வேறுபாடு ஒன்றரை மணி நேரம், கொழும்பில் முக்கால் மணி நேரத்தை ஒட்டியது. நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகள் இதைக் கைக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

அப்படியிருந்தும் 1996இல் இலங்கை அதை நாடியது என்றால் காரணம் மின்சாரம். அன்று நாட்டின் மின்னாக்கம் பெரிதும் நீர்த்தேக்கங்களை நம்பியிருந்தது. மழை பொய்த்துத் தேக்கங்கள் வற்றியபோது மின்வெட்டு அன்றாட வாழ்வாகிவிட்டது. கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தினால் மக்கள் அதற்கேற்ப முன்னதாகவே உறங்கச் செல்வர், மாலை விளக்குச் செலவு குறையும் என்று சந்திரிகா குமாரதுங்கவின் அரசு கருதியது. 1996 மே 24, வெள்ளி நள்ளிரவில் இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 30 நிமிடம் முந்தியதாயிற்று. கொழும்பின் உச்சிவேளை கடிகாரத்தில் பிற்பகல் 1 மணி 10 நிமிடத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஐந்து மாதத்தில் அரசு பாதி தூரம் பின்வாங்கியது. அக்டோபர் 26 அன்று நள்ளிரவு கடந்து அரை மணி ஆனபோது நேரம் அரை மணி குறைக்கப்பட்டு, கிரீன்விச்சுக்கு 6 மணி முந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. ஊடகத்துறை அமைச்சர் தர்மசிறி சேனநாயக்கவின் அறிவிப்பு அக்டோபர் 24ஆம் தேதியிட்டது. நாடு முழுவதும் தன் கடிகாரங்களைத் திருத்திக்கொள்ள இரண்டு நாள்!

இந்த இரண்டு நாள் என்பது மனிதருக்குப் போதுமானதாக இருக்கலாம், கணினிக்குப் போதாது. அது ஏன் என்பதை அறியக் கணினி நேரத்தை எப்படிக் காக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் சிறிய மின்கலத்தால் இயங்கும் கடிகாரச் சில்லு ஒன்று உண்டு. கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர, அந்த அதிர்வுகளை எண்ணி அது நொடிகளைக் கூட்டுகிறது. ஐபிஎம் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஏடி வகைக் கணினியில் மோட்டோரோலாவின் சில்லு ஒன்று இதற்குப் பயன்பட்டது. அதன் வடிவமைப்பாளர்கள் அமெரிக்கப் பகலொளி விதியைச் சில்லுக்குள்ளேயே பதித்துவிட்டனர்: அந்த வசதி இயக்கப்பட்டிருந்தால், ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணி 59 நிமிடம் 59 நொடிக்குப் பின் அது நேரே 3 மணிக்குத் தாவும், அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் பின்வாங்கும். 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1987 முதல் ஏப்ரலின் முதல் ஞாயிறே மாற்ற நாள் என்று வகுத்தது. சிலிக்கானில் பதிந்த விதியை யாராலும் திருத்த முடியாததால், அந்த வசதியை நம்பிய கணினி ஆண்டுதோறும் மூன்று அல்லது நான்கு வாரம் ஒரு மணி நேரம் பிந்தியே ஓடியது. நேர விதி என்பது இயற்பியல் அன்று, அரசாணை என்பதைக் கணினித் துறைக்கு முதலில் கற்பித்த பாடங்களுள் இது ஒன்று.

எனவே விதியைச் சில்லிலிருந்து பிரித்து, திருத்தக்கூடிய அட்டவணையாக வைக்கும் முறை பரவியது. யுனிக்ஸ் வழிவந்த இயக்கமுறைமைகள் உலகெங்கும் மாறாத ஒரே எண்ணிக்கையைப் பேணுகின்றன. 1970 சனவரி 1, உலகப் பொது நேரம் 0 மணி முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கை அது. உலகப் பொது நேரம் என்பது கிரீன்விச் நேரத்தின் இடத்தில் இன்று வழங்கும் அறிவியல் அளவை. அந்தத் தொடக்கக் கணம் இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 5 மணி 30 நிமிடமாக இருந்தது. தேதி பதியாத கோப்பு சில வேளைகளில் 01-01-1970, 05:30 என்று காட்டுவதன் காரணம் இதுவே. இந்தப் பெரும் எண்ணை ஊர் நேரமாக மாற்ற, எந்த ஊரில் எந்த நாள் முதல் எத்தனை மணி கூட்ட வேண்டும் என்று சொல்லும் அட்டவணை தேவை. அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனமொன்றில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, கலிபோர்னியாவின் பால் எகர்ட் பல்லாண்டு பேணிவரும் நேர மண்டலத் தரவுத்தளமே அந்த அட்டவணை. அதில் இந்தியாவுக்கு ஆசியா/கொல்கத்தா என்றும் இலங்கைக்கு ஆசியா/கொழும்பு என்றும் ஒவ்வொரு வரிசை உண்டு. உலகின் பெரும்பாலான வழங்கிகளும் கைபேசிகளும் இதையே நம்பியிருக்க, இதைத் திரட்டியவர்களோ பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்த தன்னார்வலர்கள். எந்த அரசும் தன் நேர மாற்றத்தை அவர்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டதில்லை. செய்தித்தாள் அறிக்கையும் அந்த நாட்டில் வாழ்வோர் எழுதும் மடலுமே அவர்களின் ஆதாரங்கள்.

1996ஆம் ஆண்டின் இரு மாற்றங்களும் அவ்வாறே நிகழ்ந்த பின்னர் அட்டவணையை எட்டின. அன்று இலங்கையில் இணையம் தொடக்க நிலையில் இருந்ததால் பாதிப்பு பெரிதாகத் தெரியவில்லை. 2006இல் நிலைமை வேறு. அந்த ஆண்டின் மாற்றத்துக்குக் காரணம் காலை இருள். சனவரி மாதம் கொழும்பில் சூரியன் எழும்போது கடிகாரம் காலை 7 மணியை நெருங்கிவிட, 7 மணி 30 நிமிடத்துக்குப் பள்ளி தொடங்கும் நாட்டில் சிறுவர்கள் இருளில் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியிருந்தது. பெற்றோரின் மனக்குறை பத்தாண்டாகவே நீடித்தது. மகிந்த ராசபக்சவின் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பத் தீர்மானித்து, சித்திரைப் புத்தாண்டை அடுத்த ஏப்ரல் 15, சனிக்கிழமையைத் தேர்ந்தது. அன்று நள்ளிரவு 12 மணி 30 நிமிடம் ஆனபோது கடிகாரம் 12 மணிக்குத் திருப்பப்பட்டது.

அந்த வாரம் ஒரு கணினியின் முன் அமர்ந்த அலுவலர் எதிர்கொள்ளக்கூடியதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். விண்டோஸ் எக்ஸ்பியின் நேர மண்டலப் பட்டியலில் இலங்கைக்கு உரிய ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற வரி இன்னும் 6 மணி முந்தியதாகவே இருக்கிறது. சுவர்க் கடிகாரம் காலை 10 மணியைக் காட்ட, திரையின் மூலையில் 10 மணி 30 நிமிடம். அலுவலர் எளிய வழியாகக் கணினியின் நேரத்தைக் கையால் அரை மணி பின்தள்ளிவைக்கிறார், திரை சரியாகிவிடுகிறது. ஆனால் மண்டலம் மாறவில்லையாதலால், உலகப் பொது நேரம் 4 மணி 30 நிமிடமாக இருக்க வேண்டிய கணத்தை அந்தக் கணினி 4 மணி என்று கருதுகிறது. 10 மணிக்கு அவர் சென்னைக்கு அனுப்பும் மின்னஞ்சல், பெறுநரின் திரையில் 9 மணி 30 நிமிடத்துக்கு அனுப்பப்பட்டதாகத் தோன்றும். 9 மணி 45 நிமிடத்துக்குச் சென்னையிலிருந்து வந்த கேள்விக்கான பதில், கேள்விக்கு முன்பே எழுதப்பட்டதாக வரிசையில் போய் அமரும். அத்துடன் முடிவதில்லை. எக்ஸ்பி வாரம் ஒருமுறை இணையத்திலுள்ள நேர வழங்கியிடம் உலகப் பொது நேரத்தைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அது சரியான 4 மணி 30 நிமிடத்தைப் பெற்று, பழைய அட்டவணைப்படி 6 மணியைக் கூட்டி, மீண்டும் 10 மணி 30 நிமிடத்தைக் காட்டும். கணினி தானாகவே தவறான நேரத்துக்குத் திரும்பிவிட்டது என்று அலுவலர் நினைப்பார். உண்மையில் கடிகாரம் சரி. அதற்குச் சொல்லப்பட்ட விதிதான் காலாவதியானது.

தவறில்லாத குறுக்குவழி ஒன்று அதே பட்டியலில் இருந்தது: சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்ற இந்திய வரியைத் தேர்ந்தெடுப்பது. அன்றைய நேரத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் எக்ஸ்பி பழைய கோப்புகளின் நேரத்தையும் இன்றைய கூட்டல் அளவைக் கொண்டே காட்டும் இயல்புடையது. 2004இல் காலை 10 மணிக்குச் சேமித்த ஆவணம் இப்போது 9 மணி 30 நிமிடத்தைக் காட்டும். மார்ச் மாதத்திலேயே மே மாதக் கூட்டம் ஒன்றை 10 மணிக்கென்று நாட்காட்டி மென்பொருளில் குறித்து வைத்திருந்தால், அதுவும் அரை மணி முன்னே நகர்ந்திருக்கும். மைக்ரோசாப்ட் பின்னர் இலங்கை வரியையே 5 மணி 30 நிமிடமாகத் திருத்தி வெளியிட்டது. இதையொத்த குழப்பம் மறு ஆண்டு உலக அளவில் எழுந்தது. 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டப்படி அமெரிக்கா தன் பகலொளி நேரத்தை 2007 மார்ச் 11 அன்றே தொடங்க, பழைய விதி கொண்ட கணினிகளைத் திருத்தும் பணியில் சென்னையின் மென்பொருள் நிறுவனங்களும் ஈடுபட்டன. ஆனால் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்னறிவிப்பு இருந்தது.

இனி வன்னிக்கு வரலாம். 1996 மே மாதம் கொழும்பு கடிகாரத்தை மாற்றியபோது, விடுதலைப் புலிகள் அந்த ஆணையை ஏற்கவில்லை; தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 5 மணி 30 நிமிட நேரத்தையே தொடர்ந்தனர். அவ்வாண்டு ராணுவத்தின் கைக்கு வந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரச அலுவலகங்கள் புதிய நேரத்தில் நடக்க, தெற்கே வன்னிப் பெருநிலத்தில் பழைய நேரம் நீடித்தது. புதிய நேரமா, பழைய நேரமா என்று கேட்டுக்கொண்ட பிறகே எதையும் குறிப்பது மக்களுக்கு வழக்கமாயிற்று. 2002 போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின் ஏ9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது, வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் செல்பவர் ஓமந்தையைக் கடந்ததும் அரை மணி பின்னுள்ள நேரத்துக்கும், முகமாலையைக் கடந்ததும் மீண்டும் அரை மணி முந்திய நேரத்துக்கும் உட்பட்டார். 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பியபோது வன்னியில் ஒரு கடிகாரத்தையும் தொட வேண்டியிருக்கவில்லை.

நேர மண்டலத் தரவுத்தளத்தைப் பேணுவோர் இதை அறியாதவர்கள் அல்லர். புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை என்ற 2006ஆம் ஆண்டின் ராய்ட்டர்ஸ் செய்தி அந்த அட்டவணையின் குறிப்புரையிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் குறிப்புரையை மனிதர் படிக்கலாம், கணினி படிப்பதில்லை. கணினி படிக்கும் பகுதியில் இலங்கை முழுமைக்கும் கொழும்பு என்ற ஒரே வரிசைதான். 1970க்குப் பின் எந்தப் பகுதியின் கடிகாரங்கள் அண்டைப் பகுதியோடு வேறுபட்டனவோ அதற்குத் தனி வரிசை தர வேண்டும் என்பது தரவுத்தளத்தின் சொந்த நெறி. அந்நெறியின்படியே, இரு வேறு அதிகாரங்களின் கீழ் பகலொளி நேரத்தின் முடிவுநாள் மாறுபட்டதால் காசாவுக்கும் ஹெப்ரோனுக்கும் தனித்தனி வரிசை உண்டு. பெய்ஜிங் நேரமும் உள்ளூர் நேரமும் அருகருகே வழங்கும் சிஞ்சியாங்குக்கு உரும்சி என்ற வரிசை உண்டு. அந்த அளவுகோலால் அளந்தால், பத்தாண்டுக் காலம் இலட்சக்கணக்கான மக்கள் தம் பள்ளியையும் சந்தையையும் மருத்துவமனையையும் நடத்திய நேரத்துக்கு ஒரு வரிசை கிடைத்திருக்க வேண்டும். இடம்பெயர்வில் இம்மக்கள் ஆவணங்களை இழந்தவர்கள். எஞ்சியவற்றின் நேரத்தையாவது சரியாகப் படிக்கும் வழி அவர்களுக்கு உரியது.

இது ஏட்டளவிலான குறை அன்று என்பதற்குச் சாதகக் கணிப்பே எளிய சான்று. சாதகமும் இந்தத் தரவுத்தளமும் அந்நியமானவை அல்ல; 1970க்கு முந்தைய பல செய்திகளுக்கு ஆதாரமாக இருந்தது தாமஸ் ஷாங்க்ஸ் சோதிடருக்காகத் தொகுத்த நேர அட்டவணை நூல்தான். அதன் உரிமையை முன்னிட்டு அஸ்ட்ரோலேப் என்ற சோதிட மென்பொருள் நிறுவனம் 2011இல் ஓல்சன், எகர்ட் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. 2012இல் வருத்தம் தெரிவித்து வழக்கைத் திரும்பப் பெற்றது. இடையே தரவுத்தளத்தின் பொறுப்பை இணைய எண்களை ஒதுக்கும் பன்னாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது.

பஞ்சாங்கத்தின் நாழிகை சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவது. 24 நிமிடம் கொண்ட 60 நாழிகை ஒரு நாள். அந்தக் கணக்கை எந்த ஆணையும் அசைக்காது. ஆனால் இன்று பிறப்பு நேரம் கடிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டு மென்பொருளுக்குக் கொடுக்கப்படுகிறது. 1999இல் கிளிநொச்சியில் காலை 10 மணிக்குப் பிறந்தவர் ஒருவருக்கு டொராண்டோவிலோ காஞ்சிபுரத்திலோ திருமணப் பொருத்தம் பார்க்கிறார்கள் என்று கொள்வோம். ஊர்ப்பெயரைக் கொடுத்ததும் மென்பொருள் கொழும்பு வரிசையை எடுத்து 6 மணியைக் கழித்து, உலகப் பொது நேரம் 4 மணி என்று கொள்ளும். பிள்ளை உண்மையில் பிறந்தது 4 மணி 30 நிமிடத்துக்கு. அரை மணி என்பது ஒன்றேகால் நாழிகை. லக்கினம் அதற்குள் ஏறத்தாழ ஏழரைப் பாகை நகரும். 3 பாகை 20 கலை கொண்ட நவாம்சப் பிரிவுகளில் இரண்டைத் தாண்டிவிடும். போர்க்காலப் பிறப்புகளில் இதன் மறுபக்கத்தைக் காணலாம்: 1943ஆம் ஆண்டுப் பிறப்புக்கு மென்பொருள் தானே ஒரு மணி நேரத்தைக் கழித்திருக்க, அதை அறியாமல் வழக்கப்படி சோதிடரும் கழித்தால் கழிவு இரட்டிப்பாகும். ஆகவே 1996 மே 25க்கும் 2006 ஏப்ரல் 15க்கும் இடையே வன்னியில் பிறந்தவரின் நேரத்தைப் பதிவோர், குறித்த நேரம் பழையதா புதியதா என்பதை முதலில் கேட்டறிந்து, பழையது என்றால் மென்பொருள் தரும் கொழும்பு மண்டலத்தை நீக்கி 5 மணி 30 நிமிடத்தைக் கையால் இட வேண்டும். தீர்க்கரேகையை மட்டும் பிறந்த ஊருக்கு உரியதாகவே விட்டுவிட வேண்டும்.